ஹோல்மத் கடைக்கு எத்தனை மீட்டர்?

1

இந்தக் கதை என் நாக்குக்கு அடியில் பிறந்தது. நெஞ்சில் பிறந்தது, நெடுநாள் மனதில் ஊறியது என்றெல்லாம் எழுதினால் கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் என் மனைவி இதைப் படிப்பாள், அவளுக்கு உண்மை தெரியும். செவ்வாய்க்கிழமை காலை டீ குடித்து முடித்ததும் நாக்கடி நமநமவென்றது. சுரைக்குடுவையைத் தட்டிப் பார்த்தேன். நாக்கடியில் அதக்கும் புகையிலைப் பொடி, எங்கள் நஸ், காலி. செருப்பை மாட்டிக்கொண்டு ஹோல்மத் கடைக்குப் போனேன். கடைக்கு வாசலைக் காணோம்.

பூட்டியிருந்தது என்று சொல்லவில்லை. வாசலே இல்லை. முந்தின நாள் வரை கதவு இருந்த இடத்தில் செங்கல் சுவர் நின்றது, சிமெண்டு இன்னும் ஈரம். சுவரைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஹோல்மத்தின் குரல் வந்தது: "பின்னாடி வா."

முப்பது வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறேன், அதற்கு ஒரு பின்பக்கம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. ரொட்டிக்கடையைச் சுற்றி, வாய்க்கால் கரையோடு நடந்து, யாருடையதோ கோழிக்கூட்டைத் தாண்டிப் போனால் அங்கே புதுக் கதவு. பச்சைப் பொடியை வாங்கி நாக்கடியில் அதக்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு விசாரிக்கும் தெம்பே வந்தது. விசாரித்தேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

எடுப்பது சுலபம். தொடங்குவதுதான்—

"உர்குத்தின் மலைச்சரிவில் வைகறை மெல்ல…" (அடித்துவிட்டேன். இந்த ஊரில் நான் வைகறையைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது.)

"புகையிலை என்னும் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி…" (பள்ளிக்கூடக் கட்டுரை. இதற்கு மார்க் வேண்டுமானால் போடுவார்கள்.)

"ஹோல்மத் ஒரு நல்ல மனிதன்." (இதைக் கேட்டால் அவனே சிரிப்பான்.)

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்கிறேன். ஹோல்மத் நஸ் விற்கிறான். அவன் மகள் மவ்ஜூதா எதிர்ப்பக்கம் ஆங்கில டியூஷன் சென்டர் ஆரம்பித்திருக்கிறாள். கல்வி நிலையத்துக்கு நூறு மீட்டருக்குள் புகையிலைக் கடை இருக்கக் கூடாது என்று சட்டம். ஆகவே அப்பன் கடையை மூட வேண்டும், இல்லையென்றால் மகள் வகுப்பை மூட வேண்டும். இரண்டும் ஒரே வீட்டுச் சோறு.

(இந்த நூறு மீட்டர் என் கதையின் நூறு மீட்டர். நிஜச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீலிடம் கேளுங்கள். கதை எழுதுகிறவனிடம் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.)

2

ஹோல்மத் மாட்டிக்கொண்டது எப்படி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பலாவ்தான் காரணம்.

அவர்கள் வீடு சந்தின் இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். வீட்டில் தெருவைப் பார்த்த அறை ஒன்று உண்டு, அதில் ஹோல்மத் காய்ந்த புகையிலைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தான். சமர்கந்தில் படித்துவிட்டுத் திரும்பிய மவ்ஜூதா அந்த அறையைக் கேட்டாள். மறுபேச்சு பேசாமல் கட்டுகளை எல்லாம் வெளியே அள்ளிப் போட்டு, சுண்ணாம்படித்து, பெஞ்சு வாங்கிப் போட்டுக் கொடுத்தான். எவ்வளவு சுண்ணாம்படித்தும் வாசனை போகவில்லை. பிள்ளைகள் இன்றைக்கும் ஒரு பாடத்துக்கு நாலு தும்மல் போடுகிறார்கள்.

திறப்பு நாளன்று பெரிய கொப்பரையில் இறைச்சிச் சோறு, அதாவது பலாவ். ஊரையே அழைத்தான். ஊரை அழைத்தவன் மாவட்ட அலுவலகத்து ஆய்வாளர் ஸைஃபுதீனையும் அழைத்தான். கடைகளில் புகையிலைச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் ஸைஃபுதீனின் உத்தியோகம். அவரும் ஹோல்மத்தின் வாடிக்கையாளர்தான், அது வேறு விஷயம். ஏன்டா போயும் போயும் அவரைக் கூப்பிட்டாய் என்று பின்னால் கேட்டேன். ஹோல்மத் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஊரையெல்லாம் கூப்பிட்டுவிட்டு ஒருத்தரை மட்டும் விடுவது எப்படி என்று கேட்டான்.

வந்தவரைப் பந்தியின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கொழுப்புத் துண்டையும் நெஞ்செலும்பையும் அவர் பக்கம் தள்ளினார்கள். சாப்பிட்டு முடிந்ததும், பெரிய விருந்தாளி என்பதால், துஆ செய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. இரண்டு கைகளையும் ஏந்தி, கண்ணை மூடி, இந்த இடம் நல்லதொரு கல்வி நிலையமாக விளங்கட்டும் என்று நிறைந்த வயிற்றோடு வேண்டினார். ஐம்பது பேர் ஆமீன் சொன்னார்கள். முகத்தைத் தடவிக்கொண்டு கண்ணைத் திறந்தார். நேர் எதிரே, திறந்த ஜன்னல் வழியாக, ஹோல்மத்தின் கடை.

அந்த ஆள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். தன் வாயாலேயே அதைக் கல்வி நிலையம் என்று சொல்லிவிட்டார், சாட்சிக்கு ஐம்பது பேர். ஹோல்மத்தை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போய் அழாத குறையாகப் பேசினார்.

"அண்ணே, நான் பார்க்காம இருந்திருக்கணும். பார்த்துட்டேனே."

ஆனால் சட்டத்தில் ஒரு சின்ன சந்து இருந்தது. அந்த நூறு மீட்டர், ஆள் நடக்கிற வழியில், வாசலிலிருந்து வாசல் வரைக்கும். வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை நாடாவோடு வந்து அளப்பேன், அதற்குள் ஏதாவது வழி பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹோல்மத் வாசலை அடைத்துப் பின்பக்கம் கதவு வைத்தது அதனால்தான்.

3

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு வைக்க வேண்டும். கதையில் கட்டுரை நுழைந்தால் பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். (கோபித்துக்கொள்வேன்.)

அந்தக் காலத்தில் ஓர் அமீர் புகையிலையைத் தடை செய்தார். புகைத்தவன் மூக்கை அறுக்கச் சொல்லி உத்தரவு. அடுத்த வருஷம் கஜானாவைத் திறந்து பார்த்தார், காற்றடித்தது. உடனே மூக்கை விட்டுவிட்டு வரியைப் பிடித்துக்கொண்டார். (அமீரின் பெயரைத் தேடாதீர்கள், அவர் நான் செய்த அமீர். ஆனால் நிஜமான சிம்மாசனங்கள் பலவற்றிலும் இவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.)

பிறகு சோவியத்துகள் வந்தார்கள். எங்கள் சரிவுகளில் புகையிலை நட்டே ஆக வேண்டும் என்றார்கள். ஆண், பெண், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லோரும் இலை பறித்து ஊசியில் கோத்தோம். பிசின் ஒட்டிக் கறுத்த கை எத்தனை தேய்த்தாலும் வெளுக்காது, அந்தக் கையோடுதான் ரொட்டி தின்றோம். என் அப்பா இலக்குக்கு மேல் இலை கொடுத்ததற்குப் பதக்கம் வாங்கினார். அது இன்னும் எங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. இப்போது சிகரெட்டுப் பெட்டியில் அழுகிய நுரையீரல் படம் போடுகிறார்கள். அரசாங்கத்தின் ஒரு கை வரி வசூலிக்கிறது, இன்னொரு கை இதைத் தொடாதே செத்துப்போவாய் என்று அச்சடிக்கிறது. இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன, ஆனால் அலுவலகம் வேறு வேறு மாடி.

சரக்கு கண்ணில் படக் கூடாது என்று இன்னொரு விதி வந்தது. ஹோல்மத் அலமாரிக்குத் திரை போட்டான். அதற்காக மனைவியின் பழைய பூப்போட்ட திரைச்சீலையை எடுத்துக்கொண்டான். அதிலிருந்து அவன் கடைக்குள் நுழைகிற ஆண்கள் எல்லோரும் கல்யாணப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். வியாபாரம் கூடியது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால்… (ஏன் சொல்கிறேன் என்று மறந்துவிட்டது. நஸ் தீர்ந்துவிட்டது. போய் வாங்கி வருகிறேன்.)

4

வாங்கி வந்தேன். போகும்போதே வழியைக் கவனமாகப் பார்த்தேன்.

ஹோல்மத் ஏற்கெனவே கயிறு பிடித்து அளந்துவிட்டான். நூற்று இரண்டு என்றான். அதே கயிற்றை எடுத்து மவ்ஜூதாவும் அளந்தாள். தொண்ணூற்று எட்டு என்றாள். ஒருவர் அளக்கும்போது மற்றவர் வீட்டில் இல்லை. அப்பா கயிற்றைத் தொய்வாக விடுகிறார், தொய்வாக விட்டால் கணக்கு கூடத்தான் செய்யும் என்பது அவள் வாதம். அவள் இழுக்கிற இழுப்பில் கயிறே அறுந்துபோகும், இழுத்தால் குறையத்தான் செய்யும் என்பது அவன் வாதம். இந்தச் சண்டை நடக்கும்போது சமையலறையிலிருந்து அவன் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எழுதுகிறவனுக்கு நாலு மீட்டர் ஒரு பெரிய விஷயமா? முதல் பகுதிக்குத் திரும்பிப் போனேன். "வாய்க்கால் கரையோடு நடந்து" என்ற இடத்தில் "பருத்த முசுக்கட்டை மரத்தைச் சுற்றிக்கொண்டு" என்று சேர்த்தேன். நாடா அதை வளைத்துத்தான் போயாக வேண்டும். ஒரே வரியில் இரண்டு மீட்டர் சம்பாதித்தேன். சந்தோஷத்தில் அதைக் கடையில் போய் வாசித்தும் காட்டினேன்.

மறுநாள் வாய்க்கால் கரையில் நிஜமாகவே ஒரு முசுக்கட்டை நின்றது. ஆள் உயரம், இலை எல்லாம் வாடித் தொங்கியது, அடியில் புது மண். ஹோல்மத் எங்கிருந்து பிடுங்கி வந்தானோ தெரியாது. நஸ் வாங்க வந்த ஸைஃபுதீன் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"அண்ணே, சனிக்கிழமை இது இங்க இல்லையே."

"மரம்னா வளரும்ல தம்பி."

"ஒரே ராத்திரியிலயா?"

"நல்ல மண்ணு."

கெடு சொன்ன பிறகு முளைத்த மரம் கணக்கில் வராது என்று அவர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு நஸ்ஸை அதக்கிக்கொண்டு, முன்னெல்லாம் ரெண்டு எட்டில் வந்துவிடலாம், இப்போது கால் வலிக்கிறது என்று அங்கலாய்த்தார். தூரம் என்கிறீர்கள் அல்லவா, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஹோல்மத் பிடித்துக்கொண்டான். அவர் வாயில் நஸ் இருப்பதைச் சைகையால் காட்டிவிட்டுக் கிளம்பினார். கரையிலிருந்து மரத்தைப் பிடுங்கினார்கள். நான் கதையிலிருந்து பிடுங்கினேன். முதல் பகுதியைப் புரட்டிப் பாருங்கள், இருக்காது.

5

முடிவுகளை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது: ஸைஃபுதீனுக்கு மாற்றல் வருகிறது. புதிதாக வருகிறவர் நஸ் போடாதவர். (ஐயோ, வேண்டாம்.)

இரண்டாவது: ஹோல்மத் நஸ்ஸை விட்டுவிட்டு நூல், ஊசி, பொத்தான் விற்கிறான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தருகிறான். பழக்கதோஷம். (கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஆனால் அவனிடம் சொன்னபோது என்னை வெளியே போகச் சொன்னான்.)

மூன்றாவது: அப்பனின் பிழைப்புக்கு உலை வைத்துவிட்டோமே என்று கலங்கி, கண்ணில் நீர் தளும்ப, மவ்ஜூதா தன் பலகையைக் கழற்றுகிறாள். "ஏதுமறியா அந்தப் பேதைப் பெண்…" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினேன். இதுதான் முடிவு என்று தீர்மானித்தேன். எனக்கும் கடை மிஞ்சும்.

ஹோல்மத் எதற்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவன் நஸ் போட்டிருக்கும்போது பேசுவது பாதி காற்று, பாதி எச்சில். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து பேசுவான். அன்றைக்குத் துப்பிவிட்டு வந்தான்.

"அவ படிச்ச படிப்பு, போட்ட பெஞ்சு, எல்லாம் இந்தப் பொடி. இப்ப இதுவே அவளுக்கு ஆகாதுன்னு ஒரு காகிதம் சொல்லுது. நான் எங்கடா போறது?"

6

(இந்தப் பகுதியை ஹோல்மத்துக்கு வாசிக்கப்போவதில்லை.)

மூன்றாவது முடிவு எழுதின தாளை மவ்ஜூதாவிடம் காட்டியிருக்கக் கூடாது. மாலையில் வகுப்பு முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் இன்னும் சாக்பீஸ். என் மனைவி கொடுத்த டீயைத் தொடவில்லை.

"சித்தப்பா, பேதைப் பொண்ணுன்னு எழுதியிருக்கீங்களே, அது யாரு?"

நீதான் அம்மா என்றேன்.

"சட்டத்தை நான் படிச்சேன். படிச்சுட்டுத்தான் அந்த அறையைக் கேட்டேன். கடைத்தெருவுல இதைவிடப் பெரிய அறை கம்மி வாடகைக்கு இருந்துச்சு."

அப்போதும் என் வாயில் நஸ்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். அப்பாவின் நாக்கடியில் வெள்ளையாக ஒரு படை வந்திருக்கிறது. சமர்கந்துக்குக் கூட்டிப் போனாள். நஸ்ஸை அடியோடு விட்டால் தப்பிக்கலாம், விடாவிட்டால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அவனும் விட்டான், நான்கு நாள். ஐந்தாம் நாள் புதுச் சரக்கு இடித்தான். சாம்பல் போதுமா, சுண்ணாம்பு கூடிவிட்டதா என்று வாயில் போட்டுப் பார்க்காமல் எப்படி விற்பது?

"கடையில உக்கார்ந்துக்கிட்டு அவரால விட முடியாது சித்தப்பா. நான் சொன்னாலும் அம்மா சொன்னாலும் கேக்க மாட்டார். சட்டம் சொன்னா மட்டும்தான் பயப்படுவார். அதான் சட்டத்தை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தேன்."

எழுந்தவள் வாசலில் நின்று, என் கதையில் தன்னை அழவிட்டால் என் பேரனை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவதாக மிரட்டினாள். அவள் போனதும் நான் கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை. பயமாக இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "பேதை" இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இத்தனை நாளும் இந்தக் கதையை என் நாக்குதான் எழுதியிருக்கிறது.

7

நேற்று ஹோல்மத் கதையை முழுசாக வாசித்துக் காட்டச் சொன்னான். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தோம். அமீர் வந்த இடத்தில் சிரித்தான். கதையிலிருந்தும் மரத்தைப் பிடுங்கின இடத்தில் உனக்கு ரோஷமே இல்லை என்று என்னைத் திட்டினான். ஐந்தாம் பகுதி முடிந்தது. தாளைப் புரட்டி, எண் மட்டும் போட்டு வைத்திருந்த அடுத்த பக்கத்தை ஏழு என்று ஆரம்பித்தேன்.

கையைக் காட்டி நிறுத்தினான். எழுந்து வாய்க்கால் ஓரம் போய்த் துப்பினான். ஒரு கை தண்ணீர் அள்ளி வாய் கொப்பளித்தான். அப்படி அவன் செய்து நான் பார்த்ததே இல்லை.

"அஞ்சுக்கு அப்புறம் ஏழா?"

எண் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றேன்.

"பொய் எழுதத்தான் தெரியும் உனக்கு, சொல்லத் தெரியாது." உட்கார்ந்தான். "ஆறுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அவ அறையைக் கேட்ட அன்னைக்கே தெரியும். சட்டம் அவளுக்கு மட்டும்தானா? கடை வச்சிருக்கிறவன் நான். எனக்கு மனப்பாடம்."

"அப்புறம் எதுக்குடா குடுத்தே?"

"கேட்டது என் பொண்ணு."

எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் வாசலை அடைத்தது, கயிறு பிடித்தது, மரம் நட்டது, இதெல்லாம் என்ன கூத்து என்று கத்தினேன். கோழிகள் கலைந்து ஓடின. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ ஜெயிக்கட்டும்டா. அளந்து ஜெயிக்கட்டும். சும்மா தூக்கிக் குடுத்துட்டா, இத்தனை வருஷம் நான் வித்தது ஒண்ணுமில்லாத சரக்குன்னு ஆயிடாதா?"

பிறகு என் சட்டைப்பையிலிருந்து குடுவையை எடுத்து, வழக்கம்போல நிறைத்துத் தந்தான். காசு வாங்கவில்லை. தானும் ஒரு சிட்டிகை எடுத்தான். வாய் வரை கொண்டுபோனான். அதை எங்கே போட்டான் என்பதை நான் பார்க்கவில்லை. கோழிகளைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

8

இன்று வியாழக்கிழமை. ஸைஃபுதீன் அரசாங்க நாடாவோடு வந்துவிட்டார். மவ்ஜூதா தன் வாசலில் நிற்கிறாள், வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு தும்முகிறார்கள். அந்தப் பக்கம் ஹோல்மத் தன் பின்கதவில், புதுத் தொப்பி போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவன் போல நிற்கிறான். இங்கிருந்து அவன் வாயில் எதுவும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நாடாவுக்கு இரண்டு முனை. ஒரு முனையை ஸைஃபுதீன் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனைக்கு ஆள் வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் பிடிக்கக் கூடாது என்று விதி, ஆகவே அப்பனும் மகளும் கிடையாது. ரொட்டிக்கடைக்காரன் மாவுக்கு அடியில் சிகரெட்டு வைத்து விற்கிறவன், ஆய்வாளரைக் கண்டதும் உள்ளே போய்விட்டான். தெருவில் மிச்சமிருக்கிற ஆண்கள் எல்லோர் நாக்கடியிலும் நஸ், பெண்கள் எல்லோருடைய பிள்ளையும் வகுப்பில். என்னைப் பார்த்தார் ஸைஃபுதீன். என் சட்டைப்பையில் ஓசிக் குடுவை. நான் முடியாது என்று தலையாட்டினேன்.

"யாராச்சும் பிடிங்கப்பா," என்கிறார் அவர்.

இந்தத் தெருவில் நஸ்ஸும் போடாமல், பிள்ளையும் சேர்க்காமல் ஆரம்பத்திலிருந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். கொஞ்சம் கிட்டே வாருங்கள். பித்தளை வளையம் இருக்கிறது பாருங்கள், அதில் விரலை விடுங்கள். தொய்வாக விட்டால் நூறைத் தாண்டும், கடை இருக்கும். இழுத்துப் பிடித்தால் தாண்டாது.

நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.